மேட்டில் நின்ற வண்டி

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் நகரவில்லை.

புல்தரை மேட்டில் பாதி ஏறிய இடத்தில் அந்தக் குட்டி டிராக்டர் நின்று கத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள், தான் குனிந்தால் வண்டி ஏறிவிடும் என்பதுபோல.

பிறகு வண்டி மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கியது. அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தி, என்ஜினை அணைத்தாள். வெட்டிய புல்லின் பச்சை வாசனையோடு லேசாகக் கருகிய எண்ணெய் வாசனையும் வந்தது.

வேப்பமரத்தடியில் நின்றிருந்த தனபால், "இன்னா கஸ்தூரி, மூச்சு வாங்குறது வண்டிக்கா, உனக்கா?" என்றான். அவன் அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களாண்ணா? காலைல எடுத்தா நல்லா போவுது. வெயில் ஏறினா இப்படித்தான் பண்ணுது."

நான் தலையை ஆட்டினேன். அப்போது பங்குனி மாதம். மலைப் பாறையெல்லாம் சூடேறி, காற்றே அனலாக வந்துகொண்டிருந்தது.

போன வாரம் நான் இங்கே கிணற்று மோட்டார் பற்றி எழுதியதைப் பள்ளிக்கூடம் போகிற மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு மோட்டாரை விட்டா வேற கதையே கிடையாதா?" என்று என் மனைவி கேட்டாள். இதுவும் வண்டிக் கதைதான். ஆனால் இதில் ஓர் ஆளும் இருக்கிறாள்.

சாவி அவளிடம் வந்த கதை

அந்த இடம் அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான விருந்தினர் விடுதி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கிப் போவார்கள். முன்னாலும் பின்னாலும் பெரிய புல்தரை. அதை வெட்டத்தான் அந்தக் குட்டி டிராக்டர். உட்கார்ந்து ஓட்டுவது. அடியில் கத்தி சுற்றும். பின்னால் ஒரு சின்ன டிரெய்லரை மாட்டி உரம், மண், சருகு எதுவும் ஏற்றலாம்.

எனக்கு வேங்கிக்காலில் ஒரு ஷெட் இருக்கிறது. பவர் டில்லர், மருந்தடிக்கும் மெஷின், பம்ப்செட் இவைதான் என் பிழைப்பு. இந்த டிராக்டரை வாங்கிய இடத்திலிருந்து ஆள் வரப் பல நாள் ஆகும் என்பதால் விடுதி மேனேஜர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நானும் பார்த்துப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

கஸ்தூரி அடி அண்ணாமலைக்காரி. களை எடுக்க வந்தவள். முன்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ஒருநாள் திடீரென்று மழை. வண்டி வெளியில் நனைந்துகொண்டிருந்தது. யாரும் போகவில்லை. இவள் போய் ஏறி, எதை எதையோ அழுத்தி, நேராக ஷெட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டாள். மேனேஜர் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் சாவி அவளிடம் வந்தது.

வேலி ஓரமாக அவள் ஓட்டிக்கொண்டு போகும்போது, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். அப்படி ஒருநாள் நான் அங்கே இருந்தேன். ஒரு கூட்டமே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஏம்மா, கஷ்டமா இல்லியா?" என்று ஓர் அம்மா கேட்டார். "தொடப்பத்த புடிக்கிறதுதாம்மா கஷ்டம், இது இல்ல" என்றாள் கஸ்தூரி. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். அவள் தேவைக்கு மேல் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் சாவிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. வண்டி மேட்டில் நிற்பது வாடிக்கையாகிவிட, தனபால் போகிற இடத்திலெல்லாம் அவள் ஓட்டுகிற விதம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, ஓட்டுறதுல தப்பு இருந்தா மறைக்காம சொல்லுங்க. அவளைக் கிச்சனுக்கு மாத்திட்டு, சாவிய தனபால்கிட்ட கொடுத்துடறேன்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே சென்னையில் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

வண்டிக்கு அடியில்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். வீட்டு நிலைமை ஒரு காரணம். மேல்வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்வார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். இரண்டாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மெக்கானிக் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக்கூட அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. வெளியில் நிற்பவர்கள் என் கால்களோடுதான் பேசுவார்கள். "இன்னாப்பா ஆச்சு?" என்று கேட்டால், உள்ளே இருந்து "பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும்.

பெண்பிள்ளைகளிடம் பேசுவது இன்னும் கஷ்டம். கல்யாணமான புதிதில் என் மனைவியிடமே, டீ வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொல்லி வாங்கிக் குடித்தவன் நான்.

கஸ்தூரியிடம் மட்டும் அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை. அவள் வண்டியைப் பற்றித்தான் கேட்பாள். கேட்டதற்கு நான் சொன்னால், அதை வைத்து அடுத்த கேள்வி கேட்பாள். என் வாழ்நாளில் நான் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

முதன்முறை சர்வீஸுக்குப் போனபோது, "இதுக்குக் கிளட்ச்சும் இல்ல, கியரும் இல்ல. எப்படிண்ணா போவுது?" என்று கேட்டாள்.

பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். பெல்ட் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பம்ப்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த எண்ணெயின் வேகம் சக்கரத்தைத் திருப்பும். பெடலைக் கொஞ்சமாக மிதித்தால் கொஞ்சம் எண்ணெய், நிறைய மிதித்தால் நிறைய எண்ணெய். அவ்வளவுதான்.

"என்ஜின் சும்மா கத்தும்மா. வண்டிய நகத்துறது இந்தப் பெட்டிதான்" என்றேன்.

நான் அவளிடம் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். அவள் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் யார் என்று புதிதாகத் தெரிந்துகொண்டவள்போல் பார்த்தாள்.

முதலில் பார்த்தவை

எந்தக் கோளாறானாலும் எளிதானதை முதலில் பார்க்கவேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழ்பென்னாத்தூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பவர் டில்லர் வந்தது. கொஞ்ச நேரம் உழும், நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். நாங்கள் என்ஜினைக் கழற்றி, பாகம் பாகமாகச் சாக்கில் பரப்பி, திரும்பப் பூட்டினோம். மறுபடி நின்றது. கடைசியில் பார்த்தால் டீசல் டேங்க் மூடியில் காற்றுப் போகும் சின்ன ஓட்டை சேற்றால் அடைத்திருந்தது. உள்ளே காற்றுப் போகாததால் டீசல் இறங்கவில்லை. வண்டிக்காரர் ஓர் ஈர்க்குச்சியால் குத்தினார். சரியாகிவிட்டது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த வண்டியில் முதலில் பெல்ட்டைப் பார்த்தேன். பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், இழுவை போகும். பெல்ட் நன்றாகவே இருந்தது. அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் சரி.

அடுத்தது, பின்பக்கம் இருக்கும் ஒரு கம்பி. என்ஜின் போடாமல் வண்டியைக் கையால் தள்ளவேண்டும் என்றால் அந்தக் கம்பியை வெளியே இழுக்கவேண்டும். அப்போது எண்ணெய் சக்கரத்துக்குப் போகாமல் சுற்றி வந்துவிடும். கம்பி முழுவதும் உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நின்றாலும் இழுவை இருக்காது. அதுவும் சரியாகத்தான் இருந்தது. பிரேக் எங்கேயாவது பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை.

நான் பார்த்து முடிப்பதற்குள் வண்டி ஆறிவிட்டது. ஏற்றிப் பார்த்தால் மேட்டில் ஜம்மென்று ஏறியது. தனபால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வண்டில ஒண்ணுமில்லண்ணா. காலு வெக்கிற ஆளுகிட்டதான் கோளாறு" என்றான்.

"காலு உனக்கும்தான் ரெண்டு இருக்குது. தண்ணிக் குழாய்ல தடுக்கி விழாம நடக்கக் கத்துக்கோ முதல்ல" என்றாள் கஸ்தூரி.

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கண்டுபிடிக்காமல் போனால் அவன் சொன்னதுதான் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. கிளம்பும்போது கேட் வரை கூடவே வந்தாள்.

"என் மேல தப்புன்னா என்கிட்டயே சொல்லிடுங்கண்ணா" என்றாள்.

சூடாகும் வரை

அடுத்த முறை போனபோது, நான் எதையும் கழற்றவில்லை. "ஓட்டும்மா. எப்பவும் போல ஓட்டு" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் ஓட்டுவதை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். திருப்பத்தில் வேகம் குறைத்து, மேட்டில் நேராக ஏற்றி, பெடலை ஒரே சீராக வைத்து ஓட்டினாள். மரத்தைச் சுற்றும்போது பட்டையில் உரசாமல் போனாள். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஓட்டிக்கொண்டே பேசினாள். முதலில் ரிவர்ஸ்தான் பலம் கம்மியாகிறது, அப்புறம்தான் முன்னால் போவது குறைகிறது என்றாள். மார்கழி, தை மாதத்தில் இந்தத் தொல்லையே இல்லை, வெயில் ஜாஸ்தியானதிலிருந்துதான் என்றாள். எண்ணெய் வாசனை முதலில் வரும், அது வந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

அவள் சொன்னபடியே வாசனை வந்தது. சொன்னபடியே மேட்டில் நின்றது. நான் பெட்டிக்கு அருகில் கையைக் கொண்டுபோனேன். தோசைக்கல்லுக்கு மேல் கை வைத்ததுபோல் இருந்தது.

எண்ணெய் அளவுக்கு மேல் சூடானால் தண்ணீர்போல் இளகிவிடும். இளகினால் அழுத்தம் வராது. அப்படியானால் அது ஏன் இவ்வளவு சூடாகிறது? பெட்டியை ஆற்றுவதற்கு அதன் தலையிலேயே ஒரு சின்ன ஃபேன் இருக்கும். பெல்ட் சுற்றும் சக்கரத்துக்கு அடியில் மறைந்திருக்கும்.

மரநிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஆறவிட்டு, சீட்டையும் பின்பக்கத் தகட்டையும் கழற்றினேன். புல்லும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடையாகப் படிந்திருந்தன. அடுப்படி மூலைப் பிசுக்குபோல, கறுப்பாக. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட ஆரம்பித்தேன். கஸ்தூரி எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் சுரண்டினாள்.

ஃபேன் தெரிந்தது. ஃபேன் என்று சொல்ல முடியாது. நடுவில் வளையம் இருந்தது. இறக்கைகள் பெரும்பாலும் முறிந்து, மொட்டை மொட்டையாக நின்றன. ஃபேன் மாட்டியிருக்கும் தண்டைச் சுற்றியிருந்த ஆயில் சீல் பிய்ந்து, அந்த வழியாக எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தது.

அந்தத் தண்டில் ஏதோ சுற்றியிருந்தது. முதலில் கம்பி என்று நினைத்தேன்.

ஜிகினா

பிளேடால் அறுத்து எடுத்தேன். நூல். நைலான் நூல். நூல்கண்டுபோல் இறுகச் சுற்றிக்கொண்டு, எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. விரலால் பிரித்தேன். உள்சுற்றில் எண்ணெய் போகாத இடத்தில் ஒரு துண்டு ஜிகினா, புதிதாக வாங்கியதுபோல் வெள்ளி நிறத்தில் மினுங்கியது.

அதை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினேன். என்ன என்று கேட்பதற்காகத்தான் நீட்டினேன்.

அவள் பார்த்த உடனே கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

"இது என் மாலைண்ணா" என்றாள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் வண்டியை அலங்காரம் செய்யாமல் விடமாட்டார்கள். சைக்கிளுக்குக்கூட சாமந்தி வைப்பார்கள். கஸ்தூரி அந்த வருடம் அவளே மார்க்கெட்டுக்குப் போய், ஜிகினா வைத்துக் கட்டிய சாமந்தி மாலைகள் வாங்கி வந்திருக்கிறாள். வண்டியைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, முன்பக்கம் மாலை போட்டிருக்கிறாள். அதோடு விடவில்லை. பின்னால், அந்தப் பெட்டிக்கு மேலேயும் ஒரு மாலையைச் சுற்றி வைத்திருக்கிறாள்.

"வண்டிய நகத்துறது அந்தப் பெட்டிதான்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க. முன்னால இருக்கிறதுக்கு மட்டும் போட்டா எப்படின்னு போட்டேன்."



மறுநாள் காலையில் முன் மாலைகளை அவளே எடுத்திருக்கிறாள். பின் மாலையைக் காணவில்லை. பூஜைக்கு வைத்த வாழைப்பழத்தையும் காணவில்லை. எங்கள் ஊரில் இப்படிக் காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் சாமி கழுத்து மாலையையே உருவிக்கொண்டு ஓடும். "குரங்கு தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பழத்தைக் குரங்கு எடுத்திருக்கலாம். மாலை மட்டும் தகட்டின் இடுக்கு வழியாக உள்ளே சரிந்திருக்கிறது. வாழை நாரில் கட்டியிருந்தால் ஃபேனில் பட்ட உடனே அறுந்து போயிருக்கும். இப்போதெல்லாம் நைலானில்தான் கட்டுகிறார்கள். மழைக்காலமும் குளிர்காலமும் இருந்ததால் பெட்டி சமாளித்துக்கொண்டது. வெயில் வந்ததும் முடியவில்லை.

கஸ்தூரி சுற்றிலும் பார்த்தாள். தனபால் தூரத்தில் இருந்தான். "இப்ப இன்னாண்ணா பண்றது?" என்றாள்.

நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "வேலைய முடிப்போம்" என்றேன்.

மேட்டில் ஏறியது

புது ஃபேனும் சீலும் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. அவற்றைப் போட்டு, பழைய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றினேன்.

எண்ணெய் மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். இல்லையென்றால் இழுவை வராது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்தேன். தள்ளுவதற்கான கம்பியை வெளியே இழுத்துவிட்டு, "மெல்ல முன்னால மிதி. இப்போ பின்னால. அவசரப்படாத" என்றேன். அவள் மிதித்தாள். எண்ணெயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பிறகு கம்பியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி அதேபோல் செய்தோம். அந்தரத்தில் நின்ற சக்கரங்கள் முதலில் வெட்டி வெட்டிச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் ஒரே சீராகச் சுற்றின. சத்தமும் மாறியது.

அன்று உச்சி வெயிலில் அவள் வேண்டுமென்றே மேட்டில் ஏற்றி இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். டிரெய்லரில் மண் போட்டுக்கொண்டு ஏற்றினாள். நடுமேட்டில் நிறுத்தி, அங்கிருந்தே மறுபடி எடுத்தாள். வண்டி ஏறியது.

மேலே போய் நிறுத்திவிட்டு, துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிறைய நேரம் துடைத்தாள்.

நான் சொன்ன சொல்

மேனேஜர் சத்தம் கேட்டு வந்தார். பின்னாலேயே தனபாலும் வந்தான்.

"என்னதான் ஏழுமலை கோளாறு?"

"ஃபேன் உடைஞ்சிருந்தது சார். சீல் போயி ஆயில் கசிஞ்சிருந்தது. ஓட்டுறதுல ஒரு தப்பும் இல்ல சார்."

"ஃபேன் ஏன் உடைஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியிருந்தது. நூல் என் பையில் இருந்தது.

"பழசாயிடுச்சு சார்" என்றேன்.

தனபாலின் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நானும் இதைத்தான் சென்னைல சொல்லிட்டிருக்கேன். பழசு. இன்னிக்கு ஃபேனு, நாளைக்கு வேற ஒண்ணு. இதை வித்துட்டு, தோள்ல மாட்டிட்டு வெட்டுற மெஷினா வாங்கிடலாம். இப்ப உங்க வாயாலயே வந்துடுச்சு. இன்னிக்கே சொல்லிடறேன்."

அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு பழசு இல்லை, இன்னும் பல வருஷம் ஓடும் என்று சொல்லவேண்டும். ஆனால் இப்போதுதான் பழசு என்று சொன்னேன். சொன்னதை மாற்றிச் சொல்லத் தைரியம் உள்ளவர்கள் வேறு ஜாதி. என் வாய் மூடிக்கொண்டது.

"சார்" என்றாள் கஸ்தூரி. வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். "வண்டி பழசாவல சார். நான்தான் பூஜைக்குப் பின்னால மாலை போட்டேன். அது உள்ள போயி சுத்திக்கிச்சு. அண்ணன் எனக்காக மறைக்கிறாரு. நூல் அவரு பாக்கெட்லதான் இருக்குது, பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நூலை எடுத்து மேனேஜர் கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

"நீ வேணும்னு பண்ணலைன்னு தெரியும்மா. ஆனா காலைல வண்டிய எடுக்கும்போது போட்டதெல்லாம் வெளில வந்துடுச்சான்னு பார்க்கணும் இல்ல? ஓட்டுறவங்க வேலைதானே அது?"

அது நியாயமான கேள்விதான். "யார் ஓட்டியிருந்தாலும் இது நடந்திருக்கும் சார்" என்று நான் சொன்னேன். அதை நான் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்ச நாள் கிச்சன்ல இரு. அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேனேஜர்.

"அப்போ வண்டிய விக்க மாட்டீங்கல்ல சார்?"

"விக்கல."

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். தனபால் கையை நீட்டினான். அவள் அதை வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு நடந்தாள்.

எலி

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பழசாயிடுச்சுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது?"

"எலி கூடு கட்டியிருந்துச்சுன்னு சொல்றதுதானே. எலிக்காக யாராவது வண்டிய விப்பாங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமான ஒரு பதில் எனக்கு அங்கே தோன்றவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள், யார் வண்டிக்காவது அடியில் படுத்திருக்கும்போது, 'எலி சார்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக வருகிறது.

'கொஞ்ச நாள்' என்று மேனேஜர் சொன்னது மழைக்காலம் வரை போயிற்று. மழைக்காலம் முடிந்தும் போயிற்று. அடுத்த வெயில் காலத்தில் எண்ணெய் மாற்றப் போனேன். தனபால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் ஓட்டினான். எண்ணெய் மாற்றி முடித்ததும் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கஸ்தூரி கிச்சன் பின்வாசலிலிருந்து டீ கொண்டுவந்தாள். முழுக்கைச் சட்டை இல்லை. கையில் வெங்காய வாசனை. என் பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். அவள் அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை.

நான் பாதி டீ குடித்திருப்பேன்.

"மேட்டுல ஏறுதாண்ணா?" என்றாள்.

"ஏறுது."

"சூடானப்புறமும்?"

"சூடானப்புறமும்தான்."

அவள் தலையை ஆட்டினாள். மேட்டுப் பக்கமிருந்து என்ஜின் சத்தம் கனத்து வந்தது. இருவரும் கேட்டோம். அன்று ஒரே ஒரு தடவையாவது அது நடுமேட்டில் நின்றுவிடாதா, "கஸ்தூரியக் கூப்பிடு" என்று யாராவது சத்தம் போடமாட்டார்களா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நிற்கவில்லை. நான் அதை நன்றாகத்தான் ரிப்பேர் செய்திருந்தேன்.